பையை வெட்டினா வம்பு பாஸ்!

லேப்ல சும்மா இருக்கும்போது பைதான்ல ‘சைன் ஆஃப் பை’ போட்டுப் பாருங்க. ப்ளஸ் டூ கணக்குப்படி பூஜ்யம் வரணும். வராது! புள்ளிக்குப் பின்னால 15 சைபர், அப்புறம் 12246467991473532-ன்னு ஒரு வால். ‘சிஸ்டம் புட்டுக்கிச்சு மச்சி’ என்பார் பக்கத்து சீட் ஆசாமி. நம்பாதீங்க. விடை கரெக்ட்.

கம்ப்யூட்டர்கிட்ட இருக்கிறது நிஜ பை இல்லை. 53 பிட்டுக்குள் அடங்கும்படி வெட்டின பை. ரெண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் அந்த வால்.

இன்டெல் சிப்பிலேயே சைன் போட ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷன் உண்டு. அதே கேள்விக்கு அது சொன்ன விடை 12246063 என்று ஆரம்பிக்கும். முதல் 5 இலக்கம் ஓகே, மிச்சம் கோவிந்தா! ஏன்னா, உள்ளே வைத்திருந்த பை 66 பிட்தான். 53 பிட் கழித்தலிலேயே காலி. கையில் மிஞ்சுவது 13. ஆனா மேனுவலோ, தப்பு கடைசி பிட்டில்தான் இருக்கும்னு ரொம்ப வருஷமா அடிச்சுச் சொல்லிக்கிட்டிருந்தது. 2014-ல் இது வெளியே வந்து, மேனுவலைத் திருத்தினாங்க.

சரி, ஏன் கழிக்கணும்? பொருட்காட்சி ராட்டினத்தை நினைச்சுக்கோங்க. எத்தனை சுற்று போனா என்ன, இப்ப உங்க சீட் எங்கே நிற்குதுங்கிறதுதானே முக்கியம்? சைன் ஃபங்ஷனும் முழுச் சுற்றுகளைக் கழிச்சுட்டு மிச்சத்தைத்தான் பார்க்கும். பையை 3.14-ன்னு வெச்சா, 100 சுற்றில் சீட் 18 டிகிரி தள்ளிப்போயிடும். 53 பிட் பையோட 10-ன் அடுக்கு 22 ரேடியனுக்குப் போனா? நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: பிசகு மட்டுமே சுமார் 62 ஆயிரம் சுற்று! சீட்டை விடுங்க, ராட்டினத்தையே காணோம்.

1992-ல் சன் நிறுவனத்து கே.சி. இங் இந்த எண்ணைத்தான் பல மெஷின்களில் ஓட்டின விடைகளைப் பட்டியல் போட்டார். ஒண்ணு 0.0 என்றது, இன்னொண்ணு 0.4626 என்றது. சரியான விடை மைனஸ் 0.8522.

இவ்வளவு பெரிய கோணத்தை யார் கேட்கப்போறாங்கன்னு தோணும். நிஜம்தான், யாரும் கேட்க மாட்டாங்க. ஆனா ஒரே புரோகிராம் ரெண்டு மெஷினில் ரெண்டு விடை சொன்னா, எதை நம்பி ப்ராஜெக்ட் சப்மிட் பண்றது?

வழி 1983-லேயே வந்தாச்சு. மேரி பெய்ன், ராபர்ட் ஹேனக் ரெண்டு பேர் ஐடியா. வகுக்கிறதுக்குப் பதிலா, 2-ஐ பையால் வகுத்த எண்ணை நீளமா எழுதி வெச்சுப் பெருக்கு. அதில் முன்னாடி இருக்கும் பிட்கள் முழுச் சுற்றுகளைத்தான் தரும். அதைப் பெருக்கவே வேணாம். ரொம்பப் பின்னாடி இருப்பதும் விடையைத் தொடாது. நடுவில் ஒரு ஜன்னல் அளவு போதும். செம சோம்பேறித்தனம், இல்ல? எண் எவ்வளவு பெருசானாலும் ஜன்னல் நகருமே தவிர, வேலை கூடாது. சன் வெளியிட்ட கணித லைப்ரரியில் அந்த எண்ணோட 1584 பிட் அட்டவணையா உட்கார்ந்திருக்கு. ஜாவாவோட ஸ்ட்ரிக்ட்மேத் அந்த வம்சம்தான்.

உங்க மொபைல் கால்குலேட்டரிலும் 10-ன் அடுக்கு 22-க்கு சைன் கேட்டுப் பாருங்க. டிகிரியில் இருந்து ரேடியனுக்கு மாத்த மறந்துட்டு எனக்குத் திட்டி லெட்டர் போடாதீங்க!