பிரிப்பதற்கு முன் அளப்பது

அரியலூர், பெரம்பலூர் ஜில்லாக்களின் பல பகுதிகள் பன்னெடுங்காலத்துக்கு முன் கடலடியில் கிடந்தவை என்பதற்குச் சாட்சியாகச் சுண்ணாம்புப் பாறை பரந்திருப்பதாலும், அப்பாறையை நாடி வந்த ஆலைகளுள் அரசாங்க சிமெண்டு ஆலையே 1979-ல் தொடங்கியதாலும், தேய்ந்த யந்திரத்தைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போடுவது இப்பக்கத்தாருக்குப் புதிய காரியமன்று. ஆனால் அவற்றுள் சிலவற்றில் கதிரியக்கப் பொருள் இருக்கலாம். அணுவுக்கும் சிமெண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர் கேட்கலாம். சூளைக்கு மேலே அடுக்கடுக்காக நிற்கும் சைக்ளோன் கூம்புகளில், நூற்றுக்கணக்கான டிகிரி உஷ்ணத்தோடு இறங்கிவரும் சுண்ணாம்புக் கல் மாவு அடைத்துக்கொண்டால் அதை உள்ளிருந்து அறிவது கடினமாகையால், பல சிமெண்டு ஆலைகளில் கூம்பின் ஒரு பக்கம் ஈயப் பெட்டிக்குள் சிறிதளவு சீசியம்-137-ஐயும், எதிர்ப்பக்கம் காமாக் கிரணத்தை எண்ணும் கருவியையும் பொருத்துகிறார்கள்; மாவு தேங்கினால் எண்ணிக்கை விழும். சீசியத்தின் அரை ஆயுள் 30 ஆண்டு. 1979-ல் பொருத்திய பெட்டி ஒன்று எங்கேனும் இருக்குமாயின், அதில் இன்றும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீரியம் மிஞ்சியிருக்கும். ஆலை நின்றால் அதுவும் நின்றுவிடும் என்பதில்லை.

2010-ல் தில்லிப் பல்கலைக்கழகம், பல ஆண்டுகள் உபயோகமற்றுக் கிடந்த காமாக் கதிர்க் கருவியொன்றை ஏலத்தில் விட, மாயாபுரிப் பழைய இரும்புக் கடைக்காரர்கள் உள்ளே கோபால்ட்-60 இருப்பதை அறியாமல் அதைப் பிரித்தார்கள். சிலர் கடுமையாகக் கதிர்வீச்சுக்கு ஆளாகி, ஒருவர் உயிரிழந்தார். ஏலச் சீட்டு எழுதுமுன் உள்ளே என்ன இருக்கிறதென்று விஷயம் தெரிந்தவரைக் கொண்டு சோதித்திருக்க வேண்டும். அவ்வளவு எளிய காரியம் நடக்கவில்லை என்பதே எனக்கு ஆச்சரியம்.

சீசியம் பெட்டியிலாவது கதிரியக்கப் பொருள் இருக்குமிடம் தெரியும். பெட்டியைத் துணியால் துடைத்து, அத்துணியைக் கருவியிடம் காட்டினால் கசிவும் தெரிந்துவிடும். அணு எரிபொருள் ஆலைகளில் விஷயம் வேறு. யுரேனியமோ புளுடோனியமோ கரைசலாகவும் தூளாகவும் ஓடிய குழாய்களை எத்தனை முறை கழுவினாலும், வளைவுகளிலும் வால்வுகளின் மடிப்பிலும் வடிகட்டிகளிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே நிற்கும். 1964-ல் தொடங்கிய டிராம்பே புளுடோனியம் ஆலை சில ஆண்டுகள் ஓடியபின் நிறுத்தப்பட்டு, சுத்தம் செய்து சாதனங்கள் மாற்றப்பட்டு, 1980-களில் மறுபடி இயங்கியது. அத்தகைய வேலையில் ரம்பம் வைக்குமுன் இந்த எச்சம் எங்கே, எவ்வளவு என்று தெரிந்தாக வேண்டும். அமெரிக்காவின் ராக்கி ஃபிளாட்ஸ் ஆலையில் காற்றுக் குழாய்களில் மட்டும் சுமார் 28 கிலோ புளுடோனியம் படிந்திருந்ததாகப் பின்னர் கணக்கிட்டார்கள். குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஓரிடத்தில் திரண்டால் தானே சங்கிலி வினை தொடங்கக்கூடிய பொருளல்லவா அது!

குழாயைத் திறக்காமலே எப்படி அளப்பது? யுரேனியம்-235 வெளியிடும் காமாக் கிரணத்துக்கு 186 ஆயிரம் எலெக்ட்ரான் வோல்ட், புளுடோனியம்-239 வெளியிடுவனவற்றுள் முக்கியமான ஒன்றுக்கு 414 ஆயிரம் என்று சக்தி நிர்ணயமாயிருப்பதால், அச்சக்திகளைப் பிரித்தறியும் கருவி பொருளை அடையாளம் காட்டிவிடுகிறது. அளவு கண்டுபிடிப்பதுதான் சிரமம். பொருள் ஒரு கட்டியாக இருந்தால் தூரம் இரட்டிக்கும்போது எண்ணிக்கை கால் பங்காகும். நீண்ட குழாய் நெடுகப் படிந்திருந்தால் பாதியாகத்தான் குறையும். ஆகவே எண்களைப் பார்த்து, உள்ளே படிவு என்ன ரூபத்தில் இருக்கிறதென்று நிபுணர் அனுமானிக்க வேண்டும். இரும்புச் சுவர் கிரணத்தை விழுங்குகிறது. தடித்த கட்டி தன் கிரணத்தைத் தானே விழுங்கி, உள்ளதைவிடக் குறைவாகத் தோற்றமளிக்கிறது. பக்கத்துக் குழாயின் கிரணமும் குறுக்கே வருவதால் கருவிக்கு ஈயக் கவசம் பூட்டுகிறார்கள்.

இவ்வளவும் செய்து கிடைப்பது உத்தேசக் கணக்கே. எனவே பிரித்தெடுத்த துண்டுகளை மறுபடி அளந்து முன்கணக்கோடு ஒப்பிட்டு, வித்தியாசத்துக்கு ஏற்றபடி அடுத்த குழாய்க்கான கணக்கைத் திருத்திக்கொள்கிறார்கள்.