தகவல் தாங்கும் சொற்கள்

தகவல் தாங்கும் சொற்கள் என்பது, மொழி வளர்ச்சியில் இடர்ப்பாடு உள்ள சிறு குழந்தைகள் பேச்சை எந்த அளவு புரிந்துகொள்கிறார்கள் என்று அறியவும், அப்புரிதலை வளர்க்கவும் பேச்சு மொழிப் பயிற்சியாளர்கள் பயன்படுத்தும் கருத்துரு ஆகும். இங்கிலாந்தின் டார்பிசயரில் மார்க் மாசிட்லோவர், வெண்டி நோல்ஸ் ஆகியோர் உருவாக்கிய டார்பிசயர் மொழித் திட்டத்தின் வழியாக இது பரவியது. அந்நாட்டில் 2016இல் வெளியான ஓர் ஆய்வு, 4–5 வயதினரில் ஏறத்தாழ 7.5 விழுக்காட்டினருக்கு வேறு மருத்துவக் காரணமின்றி மொழிக் குறைபாடு இருப்பதாகக் கண்டது.

"அவனுக்கு எல்லாம் புரியும், பேசத்தான் மாட்டான்" என்று பெற்றோர் சொல்வதுண்டு. பல நேரங்களில் இது பாதி உண்மையே. அம்மா பையுடன் வாசலில் நின்று "செருப்பைப் போடு" என்றால், சொல் புரியாத குழந்தையும் செருப்பைப் போட்டுக்கொள்ளும். சூழலும் சைகையுமே அதற்குப் போதும். அதே குழந்தை வகுப்பறையில் வெறும் சொல்லைக் கேட்டு எதுவும் செய்யாதபோது, அடம்பிடிப்பதாகத் திட்டு வாங்குகிறது.

ஒரு சொல் தகவல் தாங்க வேண்டுமானால், அதற்கு மாற்றான ஒன்று குழந்தையின் முன் இருக்க வேண்டும். "பெரிய பந்தைப் பெட்டியில் போடு" என்ற தொடரைக் கொள்வோம். ஒரே பந்து, ஒரே பெட்டி இருந்தால் இதில் புரிந்துகொள்ள எதுவுமில்லை. பெரிய பந்தும் சிறிய பந்தும் இருந்தால் 'பெரிய' என்ற ஒரு சொல்லைப் புரிந்தாக வேண்டும். பெட்டியுடன் கூடையும் இருந்தால் இரண்டு. பெரிதும் சிறிதுமாகப் பொம்மைக் கார்களும் சேர்ந்தால் மூன்று. தொடர் மாறவில்லை, சுமைதான் கூடுகிறது. பொதுவாக 2 வயதையொட்டி இரண்டு சொற்களும், 3 வயதையொட்டி மூன்றும் கைகூடும்.

குழந்தை நிற்கும் படியிலிருந்து ஒரு படி மட்டும் மேலே சென்று, விளையாட்டாகவே பயிற்சி தரப்படுகிறது. பேசுபவர் பொருளைச் சுட்டவோ, கண்ணால் காட்டவோ கூடாது. சொன்னபின் சில நொடிகள் பொறுப்பது அவசியம். பெரியவர்களுக்கு இதுவே கடினமானது. பிறகு குழந்தை கட்டளையிட, பெரியவர் செய்வார்.

சொல்லின் வரிசையும் முக்கியம். "சாப்பிடுவதற்கு முன் கை கழுவு" என்றால், கேட்ட வரிசையிலேயே செயற்படும் குழந்தை முதலில் தட்டை நோக்கிச் செல்லும். "கை கழுவிவிட்டுச் சாப்பிடு" என்பது எளிது.

பயிற்சிக்கு முன் செவித்திறன் சோதனை செய்யப்பட வேண்டும். வீட்டு மொழியைக் கைவிட வேண்டியதில்லை. இரு மொழிகளைக் கேட்பது இக்குறைபாட்டிற்குக் காரணமன்று.