பதுங்கலாமா... பாயலாமா? ஸ்டெல்த் கேம்களின் தீராத இழுபறி!

நடைபாதையில் இரண்டு காவலர்கள். ஒருவர் திரும்பி நடக்கிறார். இன்னொருவர் சுவரில் சாய்ந்து நிற்கிறார். மேஜைக்கு அடியில் ஒளிந்திருக்கும் கோர்வோவுக்கு இரண்டு வழிகள். சத்தமில்லாமல் நழுவிப் போகலாம், அல்லது வாளை உருவலாம்.

பிரான்ஸின் லியோன் நகரில் இயங்கும் ஆர்க்கேன் ஸ்டூடியோஸ் உருவாக்கி, 2012-ல் வெளியான 'டிஸ்ஆனர்ட்' கேமில் அடிக்கடி வரும் நிலைமை இது.

ஒளிந்து விளையாடும் கேம்களுக்கு வழிகாட்டி, ஹிடியோ கோஜிமாவின் 'மெட்டல் கியர்' (1987). அது உருவான கதையே வேடிக்கையானது. அன்றைய எம்.எஸ்.எக்ஸ்.2 கம்ப்யூட்டரால் ஒரே திரையில் நிறைய எதிரிகளையும் தோட்டாக்களையும் காட்ட முடியவில்லை. சண்டை போட வழியில்லையா, சரி, ஒளிந்துகொள் என்று விளையாட்டையே மாற்றிவிட்டார் அவர். 1998-ல் வந்த 'தீஃப்' வெளிச்சத்தையும் சத்தத்தையும் சேர்த்துக்கொண்டது. கம்பளத்தில் நடந்தால் தப்பிக்கலாம். இரும்புத் தரையில் ஓடினால் மாட்டிக்கொள்வீர்கள்.

பிரச்னை எங்கே? 'எப்படி வேண்டுமானாலும் ஆடுங்கள்' என்று சொல்லிவிட்டு, ஒரு வழிக்கு மட்டும் சபாஷ் போடுவதில்தான். டிஸ்ஆனர்ட் அதில்தான் சிக்கியது. எலிக் கூட்டத்தை ஏவிவிடுவது, காற்றால் தூக்கி அடிப்பது என ஆசை காட்டும் சக்திகளை அது அள்ளிக் கொடுக்கிறது. அவற்றைப் பயன்படுத்திக் கொன்று குவித்தாலோ, ஊரில் எலிகளும் கொள்ளைநோயும் பெருகும். குட்டி இளவரசி எமிலி வரையும் படங்கள்கூட இருண்டுபோகும். முடிவும் சோகமாகும். யாரையும் கொல்லாமலே மொத்த கேமையும் முடிக்கலாம் என்பது பெருமைதான். ஆனால், கையில் பட்டாசைக் கொடுத்துவிட்டு 'கொளுத்தாதே' என்றால் எப்படி? 2016-ல் வந்த இரண்டாம் பாகத்தில் உயிர் பறிக்காமல் வீழ்த்தும் உத்திகள் கூடின.

இன்னொரு தொல்லை, ரீலோட். காவலர் பார்த்துவிட்டாரா? உடனே பழைய சேவ்-க்கு ஓட்டம். மாட்டிக்கொண்ட பிறகு நடக்கும் சுவாரஸ்யத்தைப் பலரும் பார்ப்பதே இல்லை.

இதற்கு அழகான விடை சொன்னது 2015-ல் வந்த 'மெட்டல் கியர் சாலிட் 5'. எதிரி கண்ணில் பட்டதும் சில நொடிகள் காலம் மெதுவாகும். அதற்குள் அவரை மடக்கினால் தப்பலாம். தலையைக் குறிவைத்தே சுட்டு வந்தால், அடுத்தடுத்து வரும் வீரர்கள் ஹெல்மெட் போட்டுக்கொள்வார்கள். இரவிலேயே நுழைந்தால் இருட்டில் பார்க்கும் கருவி வந்துவிடும். திட்டாமல், தண்டிக்காமல், 'வேறு மாதிரி யோசி' என்று தள்ளிவிடுகிறது.

2025-ல் வந்த 'அசாசின்ஸ் க்ரீட் ஷேடோஸ்' வேலையையே பிரித்துவிட்டது. நிழலில் ஊர்ந்து விளக்கை அணைக்க நாவோயே. கதவை மோதி உடைத்துக்கொண்டு போக யாசுகே. இருவரில் யாரை எடுப்பது என்பதைப் பெரும்பாலான இடங்களில் நீங்களே முடிவு செய்யலாம். கொஞ்சம் குறுக்குவழிதான். நாவோயே மாட்டிக்கொண்டால், கூரை மேல் ஓடித் தப்பிக்கப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

இவை எல்லாமே சின்னப் பிள்ளைகளுக்கானவை அல்ல, பெற்றோரே! வாங்கும் முன் அட்டையில் உள்ள வயதுக் குறியீட்டைப் பார்த்துவிடுங்கள்.