நாதம் தரும் கருமரம்

நாதஸ்வரத்திற்கு ஆச்சா மரம் உகந்தது என்பதை நம் அங்கத்தினர்கள் அறிவர். ஆனால், கிளாரினெட் எந்த மரத்தினின்று கடையப்படுகிறது என்பதைப் பலரும் அறியார். ஆப்பிரிக்காவில் விளையும் ம்பிங்கோ என்னும் மரமே அது. இப்பெயர் சுவாஹிலி மொழியில் வழங்குவதாகும்.

இதனைக் கருங்காலி என மயங்குவாரும் உளர். உண்மையில் இது நம் நாட்டுத் தோதகத்தியின் இனத்தைச் சார்ந்தது. வெளிமரம் வெளிர் மஞ்சள் நிறமும், உள் வைரம் ஊதா கலந்த கருமையும் உடையன. ஒரு கன மீட்டர் நீரின் எடை 1,000 கிலோ. அதே அளவு உலர்ந்த வைரத்தின் எடையோ 1,200 கிலோவுக்கும் மேற்பட்டது. ஆதலின் இது நீரில் மூழ்கும். நெருங்கிய இழையும் இயல்பான எண்ணெய்ப் பசையும் இருப்பதனால், வாசிப்போரின் மூச்சு ஈரத்தை எளிதில் உறிஞ்சுவதில்லை. கடைசலில் நுட்பமாக வடிவம் பெறும். இட்ட துளை சிதையாது. எனினும் உளியும் வாளும் விரைவில் மழுங்கும். அவசரப்பட்டு உலர்த்தினால் மரம் வெடிக்கும். ஆகவே கட்டைகளின் முனைகளில் மெழுகு பூசி மெல்ல ஆறவிடுவர். மக்கோண்டே மக்களின் புகழ்பெற்ற சிற்பங்களும் இம்மரத்தில் செதுக்கப்படுவனவே.

இத்துணைச் சிறப்புடைய மரம் வெட்டும் பருவம் எய்த 70 ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். கோணலும் பொந்தும் மிகுதியாதலின், அறுக்கும்போது பெரும்பகுதி கழிவாகிறது. 2017-ஆம் ஆண்டு முதல் இதன் வாணிபம் சர்வதேச உடன்படிக்கையின் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டது.

நாம் கருத்திற்கொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. தான்சானியாவில் இம்மரத்தை வெட்டிச் சென்றோர் பொருள் ஈட்டினர். காட்டருகே வாழ்ந்த கிராமத்தார் பெற்றதோ சொற்பம். 2002-ஆம் ஆண்டின் வனச்சட்டம், கிராமங்கள் தம் நிலத்துக் காட்டைத் தாமே காப்புக்காடாக அறிவித்து, மர வருவாயைத் தாமே வைத்துக்கொள்ள வழிவகுத்தது. கில்வா மாவட்டக் கிராமங்கள் மரங்களைக் கணக்கெடுத்து, ஆண்டுதோறும் வெட்டத்தக்க அளவை வரையறுத்தன. 2009-இல் அக்காடுகளுக்குப் பன்னாட்டு வனச் சான்றிதழ் கிடைத்தது. வருவாய் ஊரின் பொதுப்பணிகளுக்குப் பயன்படலாயிற்று.

நூலாயினும் நெல்லாயினும் மரமாயினும், விளைவிப்போர் கூடிக் கணக்கு வைத்து, கூடி விலை பேசினாலன்றி உரிய பயன் அவர்தம் கைக்கு வாராது. தத்தம் சங்கத்தின் கணக்கேட்டைப் பார்வையிடும்போது அங்கத்தினர்கள் இக்கிராமத்தாரை நினைவிற்கொள்வார்களாக.