நகரும் சராசரி: புகைமூட்டக் கணக்கும் நிரலாக்கமும்



2019 செப்டம்பரில் புகைமூட்டத்தால் பினாங்கிலும் பள்ளிகள் மூடப்பட்டன. அப்போது எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்த எண், ஐ.பி.யு. என்ற காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு. இதில் நுண்துகள் அளவு, கடைசி 24 மணி நேரச் சராசரியை வைத்தே கணக்கிடப்படுகிறது. ஒவ்வொரு மணிக்கும் புதிய அளவு உள்ளே வரும். பழையது ஒன்று வெளியே போகும். இதுதான் நகரும் சராசரி.

இதை நிரலாக எழுதச் சொன்னால், மாணவர்கள் பெரும்பாலும் மணிக்கு மணி 24 எண்களையும் புதிதாகக் கூட்டுவார்கள். தவறில்லை, ஆனால் வீண் வேலை. ஆண்டுக்கு 8,760 மணி நேரம். 24 எண்கள் வீதம் 210,240 முறை தொட வேண்டும். ஒன்றைக் கழித்து ஒன்றைக் கூட்டினால் 17,520 முறை போதும்.

சிறிய எடுத்துக்காட்டு பாருங்க. சாளரத்தின் அளவு 4. எண்கள் 40, 44, 52, 60. கூட்டுத்தொகை 196, சராசரி 49. அடுத்து 68 வருகிறது, 40 போகிறது.

புதிய கூட்டுத்தொகை = 196 − 40 + 68 = 224
புதிய சராசரி = 224 ÷ 4 = 56

வேரியன்ஸ் வேண்டுமென்றால்? சராசரியே மாறிவிட்டதே, எல்லா விலகலையும் மறுபடி கணக்கிட வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டாம். விலகல் வர்க்கங்களின் கூட்டுத்தொகை இவ்வளவு மாறும்:

(புதியது − பழையது) × (புதியது − புதிய சராசரி + பழையது − பழைய சராசரி)

நம் கணக்கில் 28 × (12 − 9) = 84. முன்பு 236 இருந்தது, இப்போது 320. நான்கால் வகுத்தால் வேரியன்ஸ் 59-இலிருந்து 80 ஆகிறது. நேரடியாகக் கணக்கிட்டாலும் இதே விடைதான்.

நிரல் எழுதும்போது மூன்று கவனம்:

1. வெளியேற வேண்டிய எண் எதுவென்று தெரிய, சாளரத்தில் உள்ள எண்களை வரிசையாகச் சேமித்து வைக்க வேண்டும்.
2. ஒரு மணிக்கு அளவு பதிவாகவில்லை என்றால் அதைச் சுழியமாகப் போடக் கூடாது. வகுக்கும் எண்ணையும் குறைக்க வேண்டும். அப்போது சாளரத்தில் எண்ணிக்கை மாறுவதால், மேலே சொன்ன வேரியன்ஸ் சூத்திரம் அப்படியே பொருந்தாது.
3. தசம எண்களில் சிறு பிழைகள் சேரும். அவ்வப்போது முழுதாகக் கூட்டிச் சரிபார்க்க வேண்டும்.

உச்ச மதிப்புக்கு இந்தக் கழித்தல் வழி உதவாது. வெளியே போனதே உச்சம் என்றால், மிச்சமுள்ளதில் தேடித்தான் ஆக வேண்டும்.

பைத்தான் 3-இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். 'கூட்டல்', 'சராசரி' என்று எழுதி வகுப்பில் செய்து பாருங்கள்.

இந்தக் கணக்கு இன்னொன்றையும் சொல்லித் தருகிறது. 23 மணி நேரம் அளவு 30. கடைசி ஒரு மணியில் மட்டும் 150 என்று வைத்துக்கொள்வோம். சராசரி வெறும் 35! வெளியே கண் எரியும், எண்ணோ அமைதியாக இருக்கும். அதனால் பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்பும்முன் எண்ணைப் பாருங்கள், ஜன்னலையும் பாருங்கள்.

பயிற்சி: மேலே உள்ள சாளரத்தில் அடுத்து 76 வந்தால் சராசரி 64 ஆகும், வேரியன்ஸ் மட்டும் 80-இலேயே நிற்கும். ஏன் என்று மாணவர்கள் விளக்கட்டும்.