மருந்து கரைந்தது, உயிரும் போனது! 100 பேரைக் கொன்ற தித்திப்பு டானிக்

"மாத்திரை வேண்டாம் டாக்டர். புள்ளைக்கு டானிக்கா எழுதிக் குடுங்க!"

தாய்மார்கள் இப்படிக் கேட்பது சகஜம். 1937-ல் அமெரிக்காவிலும் இதே கிராக்கிதான்!

அப்போது தொண்டைப்புண்ணுக்குக் கைகண்ட மருந்து சல்பனிலமைடு. ஆனால் அது தண்ணீரில் லேசில் கரையாது. ஒரு கம்பெனியின் கெமிஸ்ட், டைஎத்திலீன் கிளைக்கால் என்ற திரவத்தில் போட்டுப் பார்த்தார். கரைந்துவிட்டது!

ராஸ்பெர்ரி வாசனை சேர்த்தார்கள். நிறம் பார்த்தார்கள், ருசி பார்த்தார்கள். விஷமா என்று மட்டும் பார்க்கவில்லை!

மருந்தைக் கரைத்த திரவமே விஷம். குடித்தவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. 100-க்கும் மேற்பட்டோர் பலி. அதில் பலர் குழந்தைகள்!

வழக்கு என்ன தெரியுமா? 'எலிக்சர்' என்று பெயர் வைத்தால் ஆல்கஹால் இருக்க வேண்டும், இதில் இல்லை. அந்தக் குற்றம்தான்! சோதிக்காமல் விற்றதைத் தடுக்க அன்று சட்டமே இல்லை. 1938-ல்தான் வந்தது: ஆபத்து இல்லை என்று காட்டிவிட்டுத்தான் புது மருந்தை விற்க வேண்டும்.

2025-ல் மத்தியப் பிரதேசத்தில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் இறந்தார்கள். மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். சோதனையில் சிக்கியது... அதே டைஎத்திலீன் கிளைக்கால்!