தேடுவோர் சொல்லும் இலக்கியத் தளத்தின் பொருளும்

மாணாக்கன் உள்ளத்து எழும் ஐயத்தைத் தாமே வினாவாக எழுப்பி விடையிறுத்தல் நம் உரையாசிரியர் மரபு. இறையனார் களவியலுரை இதற்குச் சிறந்த சான்று. இன்று இணையத்தில் எழுதுவோர்க்கு அவ்வினா கற்பார்தம் சொல்லாலேயே வந்து சேர்கின்றது. தேடுபொறியில் ஒருவர் இடும் சொற்றொடரே அது. அதனைக் கொண்டு ஓர் இலக்கியத் தளத்தின் பொருளை எவ்வளவிற்கு அமைக்கலாம் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் அச்சொற்றொடர் கிடைக்கும் வழியைக் காண்போம். ஒரு பக்கத்திலிருந்து இணைப்பின்வழி மற்றொன்றிற்குச் செல்லுங்கால், உலாவி தான் புறப்பட்ட பக்கத்தின் முகவரியையும் உடன் அனுப்பி வந்தது. தேடுபொறியின் முகவரியில் தேடிய சொல்லும் அடங்கியிருந்தமையின், தளத்தார் தம் கணினிப் பதிவேட்டிலேயே அதனைப் படிக்க முடிந்தது. கூகுள் நிறுவனம் 2011 அக்டோபரில், தன் கணக்கில் நுழைந்து தேடுவோரின் சொல்லை மறைக்கத் தொடங்கியது. 2013இல் ஏறத்தாழ எல்லாத் தேடலுக்கும் அம்மறைப்பை விரித்தது.

தேடுசொல் ஒருவரது அகத்தைப் புலப்படுத்த வல்லது. 2006 ஆகஸ்டில் ஏ.ஓ.எல். நிறுவனம் ஏறத்தாழ 6.5 இலட்சம் பேரின் 2 கோடித் தேடல்களைப் பெயர் நீக்கி வெளியிட்டது. பெயரின்றியும், தேடிய சொற்களைக் கொண்டே ஒருவரை இன்னார் எனச் செய்தியாளர் கண்டறிந்தனர். ஆகலின் மறைப்பு வேண்டுவதே என்க.

இன்று தளத்தார்க்குத் துணையாவது கூகுளின் சர்ச் கன்சோல் என்னும் கருவி. ஒரு சொற்றொடர்க்கு நம் பக்கம் எத்துணை முறை காட்டப்பெற்றது, எத்துணைப் பேர் உள்ளே வந்தனர், பட்டியலில் சராசரியாக எவ்விடத்தில் நின்றது என்பவற்றை அது தரும். 16 திங்கள் அளவிற்கே செய்தி கிடைக்கும். மிகச் சிலரே தேடிய சொற்றொடர்கள் மறைக்கப்பெறும். ஆகவே நம் கைக்கு வருவது இடையிடையே செல்லரித்த சுவடி போல்வது. எஞ்சிய ஏடுகளைக் கொண்டு முழுநூலை முடிவுகட்டலாகாது என்னும் பதிப்பு நெறி ஈண்டும் பொருந்தும்.

இதனால் விளையும் பயன் மூன்று. ஒன்று, சொல் வேறுபாடு புலனாதல். நாம் 'செவிலி கூற்று' எனத் தலைப்பிடுகின்றோம். மாணவரோ 'செவிலித்தாய் பேசும் பாடல்கள்' எனத் தேடலாம். கலைச்சொல்லை விடாது, தேடுவார் சொல்லையும் கட்டுரையின் தொடக்கத்தில் உடன்வைத்தல் நன்று. இரண்டு, பலமுறை காட்டப்பெற்றும் சிலரே நுழைந்த பக்கம் தெரிதல். பட்டியலில் அது பின்தள்ளப்படவில்லையாயின், தலைப்பு பொருளை உணர்த்துகின்றதா என ஆராய வேண்டும். மூன்று, குறை தெரிதல். கேட்டதற்கு நேர்விடை இன்றி, அணுக்கமான வேறொரு பக்கமே காட்டப்பெறுமாயின், ஆண்டுப் புதிய கட்டுரை வேண்டும்.

இனி இம்முறையின் எல்லையைக் கருதுவோம். நம் தளம் தோன்றிய தேடல்களையே அக்கருவி காட்டும். தோன்றாத தேடல்களை அதனால் அறிய இயலாது. மேலும், பெயரறியாத நூலை எவரும் பெயர் கூறித் தேடார். பாடத்தில் வைத்த செய்யுள் மிகுதியாகத் தேடப்பெறும். வையாதது தேடப்பெறாது கிடக்கும். எண்ணிக்கையை மட்டும் பின்பற்றினால் இலக்கியத் தளம் தேர்வு வழிகாட்டியாகச் சுருங்கிவிடும்.

1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார், உ. வே. சாமிநாதையரிடம் சீவக சிந்தாமணியைப் பற்றி வினவினார். அவர் அதுவரை கற்றிராத நூல் அது. அவ்வினாவே 1887இல் சிந்தாமணிப் பதிப்பிற்கும், அதன் வழியே பல பழந்தமிழ் நூல்களின் பதிப்பிற்கும் தோற்றுவாயாயிற்று. வினவியவர் ஒருவரே, எண்ணிக்கையால் அளந்தால் அவ்வினா பட்டியலில் இடம்பெற்றிராது.

எனவே, தேடுவோர் சொல் தலைப்பையும் விளக்க முறையையும் வகுக்கட்டும். எந்நூலைப் பேணுவது, எதனை உண்மையெனக் கூறுவது என்பவற்றை முடிவு செய்யும் பொறுப்பு ஆசிரியரிடமே நிற்றல் வேண்டும். பலர் கேட்பதற்கு விடை தருதலும், ஒருவரும் கேளாததைக் காத்து வைத்தலும் ஆகிய இரண்டும் ஒருங்கே அவர்தம் கடமையாம்.